பெட்டி மேல் வைத்த கை

சேலையூரிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் ஹோம் தியேட்டரின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

"வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல, ஏன்டா திருப்பிக் குடுக்குற?"

"அம்மாவுக்குப் பிடிக்கல, மச்சான்."

"உங்கம்மாவுக்குத்தான் காதே கேக்காதே!"

"பெட்டி மேல கைய வெச்சுத்தான் கேப்பாங்க. சண்டைப் படம் போட்டேன், குண்டு வெடிச்சதும் சிரிச்சாங்க. பாட்டு போட்டேன், கைய எடுத்துட்டாங்க. பழைய பெட்டியில தவில் அடி ஒவ்வொண்ணும் தனியா தெரியுமாம். இதுல எல்லாம் கூழாட்டம் கீதாம்."

"பழசத்தான் எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டியே?"

"அதத்தான் திருப்பிக் கேக்கப் போறேன். கடைக்காரன் அதுக்குள்ள வித்திருக்கக் கூடாது."

"காது கேக்காதவங்க வேணாம்னாங்கன்னு சொன்னா சிரிப்பான்டா."

"சிரிக்கட்டும். அவங்களுக்குப் பாட்டு கேக்க வேற வழி இல்ல."

தாம்பரத்தில் இறங்கிப் போனார்கள்.

என் மனைவிக்கும் கடைசி ஆறு வருடங்கள் காது கேட்கவில்லை. நான் பாட்டுப் போட்டால் அருகில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கர் மேல் கை வைப்பாள். கறை படியும், கையை எடு என்று சைகை காட்டுவேன். எடுத்துவிடுவாள். ஏன் வைக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.