பதினெட்டு நிமிடம் வேகம்

கைக்கடிகாரம் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை ஐயா. நல்ல வெளிச்சம், நடுங்காத கை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொந்தரவு செய்யாத மனைவி, இந்த மூன்றும் இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்கு மூன்றும் வாய்த்திருந்தன.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த நான்கு பக்கங்களையும் படித்துவிட்டேன். கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. 'மனைவியின் நடத்தையில் சந்தேகம் கொண்டு' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அவள் பேர் இப்படிக் கெட்டுப்போவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். அந்த வரியை ஏன் அடிக்க வேண்டும் என்று சொல்கிறேன், டீ ஆறிப்போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

கடைகளில் தராசு சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். கடைக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'எடைக்கல்' என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் பூட்டுப் போட்டிருக்கிறேன். யாரும் என்னிடம் வந்து, நீ அளந்தது தப்பு என்று சொன்னதில்லை.

விடுமுறை நாட்களில் கடிகாரம். இயந்திரத்தைத் தனியாக வாங்குவேன், முகப்பு, முள், கூடு எல்லாம் தனித்தனியாக வாங்குவேன். இயந்திரத்தை அக்கக்காகக் கழற்றிக் கழுவி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, திரும்பப் பூட்டுவேன். மொத்தம் ஐந்து செய்தேன். ஐந்தாவது மனைவிக்கு, எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு. வெள்ளை முகப்பு, நீல முள், சாவி கொடுத்து ஓட்டுவது. "இனிமே எனக்கு நேரம் சரியில்லைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது" என்று சிரித்தாள். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. காலையில் அவள் குளிக்கப் போகும்போது கழற்றிக் கொடுப்பாள். நான் சாவி கொடுத்து, நேரம் சரிபார்த்து, தூசி படாமல் என் இரும்பு மேஜையின் கீழ் டிராயரில் வைப்பேன். கிளம்பும்போது அவளே எடுத்துக் கட்டிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நான்கு விநாடி வித்தியாசம், அதற்கு மேல் போனதில்லை. இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது பதினெட்டு நிமிடம் முன்னால் காட்டியது.

இப்படித் தலைதெறிக்க ஓடினால் பெரும்பாலும் காந்தம்தான் காரணம். உள்ளே தலைமயிரைவிட மெல்லிய சுருள் ஒன்று இருக்கிறது. காந்தம் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் வேகமெடுக்கும். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி ஆடியது. கடிகாரத்தில் ஏறிய காந்தத்தை நீக்க என்னிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிட வேலை. எடுத்தேன். மறுநாள் காலை சரியாக இருந்தது. மாலையில் மறுபடி பதினெட்டு நிமிடம், மறுபடி நீக்கினேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. காலையில் சரி, மாலையில் தவறு என்றால், இடையில் அது எங்கே இருந்தது என்றுதானே எவனும் கேட்பான்?

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், ஸ்பீக்கர்காரரின் அறை. பழுதான ஒலிபெருக்கிகளைச் சரிசெய்பவர், எனக்குப் பத்து வருட நண்பர். அவர் அறையில் கால் வைக்கிற இடமெல்லாம் காந்தம் கிடக்கும். ஒரு முறை என் வீட்டுக்கு வந்தவர், நான் தரையில் தவழ்ந்து ஒரு திருகைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, வட்டமான பெரிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத உருட்டுங்க, அதுவா வந்து ஒட்டிக்கும்" என்றார். நான் அதை வேலைப் பலகையிலிருந்து இரண்டடி தள்ளி, இரும்பு மேஜையின் பக்கவாட்டில் கீழே ஒட்டி வைத்தேன். அளந்துதான் வைத்தேன்.

மனைவியிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன், மாடிக்குப் போவதுண்டா என்று. "மாடில எனக்கென்ன வேலை?" என்றாள். கவனியுங்கள், அது பதில் இல்லை, இன்னொரு கேள்வி. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாய்க்கு வாய் 'ஸ்பீக்கர் அண்ணன்' என்றாள். உண்மையிலேயே அண்ணனாக நினைப்பவள் எதற்கு அத்தனை தடவை சொல்ல வேண்டும்? நான் சண்டை போடவில்லை. நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலையும் மாலையும் நேரம் குறித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். அவள் பார்த்துவிட்டு, "என்னங்க, என்னையும் தராசுல ஏத்திட்டீங்களா?" என்று கேலி செய்தாள். முப்பத்தொரு வேலை நாள். ஒரு நாள்கூடப் பொய்க்கவில்லை.

ஸ்பீக்கர்காரர் இறந்தது பின்பக்க இரும்புப் படியில். தவறி விழுந்தார் என்று உங்கள் ஆட்களே எழுதி மூடிய விஷயம். அதை நீங்கள் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும், அதற்கு மன்னிக்கவும். அன்று மதியம் அவர் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் தராசு சோதனைக்குப் போயிருந்தேன். மேலே ஏறிப்போய், நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்றேன். அவர் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார், நான் மேல்பக்கம். நாற்பத்திரண்டு கிலோ இருக்கும், எனக்குக் கை சொல்லிவிடும். "மெதுவா, மெதுவா" என்றார். நான் தள்ளவில்லை. விட்டேன், அவ்வளவுதான். நான் அங்கே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர் இறுதிக் காரியங்களையெல்லாம் முன்னால் நின்று நானே கவனித்தேன்.

மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆனால் அவள் திரும்ப வேலைக்குப் போன அன்று மாலை, கடிகாரம் பதினெட்டு நிமிடம் முன்னால் இருந்தது. வேறு யார் என்று யோசித்தேன். கண்ணாடிக் கடை முதலாளியின் பேரை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் டிராயரைத் திறந்து கடிகாரத்தை எடுத்தவள், "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். போனேன். அவள் கையிலிருந்து நழுவிய கொண்டை ஊசி டிராயரின் பக்கச் சுவரில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், வெளியே, ஸ்பீக்கர்காரர் கொடுத்த காந்தம், அந்த முதல் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் ஒட்டி வைத்தது. பலகையிலிருந்து இரண்டடி அளந்தவன், டிராயரிலிருந்து அளக்கவில்லை. தினமும் மாலையில் கடிகாரத்தில் ஏறிய காந்தத்தை நீக்கிவிட்டு, மறுநாள் காலையில் நானே அதைக் கொண்டுபோய்க் காந்தத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு மாசத்துக்கு மேல என்னைக் குடைஞ்சு எடுத்தீங்களே, திருடன் உங்க மேஜைக்குள்ளயே இருக்கான் பாருங்க."

நான் என் கடிகாரத்தை ஒரு மணி நேரம் அங்கே வைத்து எடுத்தேன். மாலையில் பதினாறு நிமிடம் முன்னால் காட்டியது.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மாலையில் என் கடிகாரத்தை என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தாள். அப்போது சிரிப்பு இல்லை. "பாவம், ஸ்பீக்கர் அண்ணன் குடுத்த காந்தம்" என்றாள். பிறகு, வேறு குரலில், "அண்ணன் விழுந்த அன்னைக்கு உங்க சட்டையில துரு இருந்துச்சு. நான்தான் தேய்ச்சுத் துவைச்சேன்" என்றாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் எதுவும் கேக்க மாட்டேங்க. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்" என்றாள்.

சொல்லியிருக்க மாட்டாள். அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். வாயைத் திறந்துவிடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் தவறு. சனிக்கிழமை காலை வழக்கம்போலக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை, வெறுப்புகூட இல்லை. ஐந்து கிராம் குறைத்து மாட்டிக்கொண்ட கடைக்காரனை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி. இனி தினமும் காலையில் அந்தப் பார்வை இருக்கும். என்னால் அது முடியாது ஐயா. இருபத்திரண்டு வருடம் யாரிடமும் தலைகுனியாதவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்ந்தாள். தலையணை எதுவென்று உங்களுக்குத் தெரியும், எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆறு நிமிடம் வைத்திருந்தேன், அவள் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு முந்தைய நாளே காந்தத்தைக் கொண்டுபோய் வெளியே எறிந்துவிட்டேன், அதனால் நேரம் துல்லியம். அவள் முதலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

இப்போது அந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கர்காரர் விஷயத்தில் சந்தேகம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது பொருந்தும். என் மனைவி விஷயத்தில் அப்படி எழுதினால் நாளைக்குப் படிக்கிறவன் அவளைத் தப்பாக நினைப்பான். பேனாவைக் கொடுங்கள், ஓரத்தில் நானே எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.