பாடத்தின் முன்பாதியை மட்டும் கேட்டவர்கள்

“இஃப் இட் ரெயின்ஸ்... என்ன செய்வீங்கண்ணே?”

“ரெயினா? ஐயையோ, வண்டிக் கண்ணாடியெல்லாம் இறக்கி வெச்சிருக்கேன் டீச்சர்!”

“அண்ணே, நில்லுங்க! மழை வரலை. வந்தா என்ன செய்வீங்கன்னுதான் கேட்டேன்.”

“வராத மழைக்கா என்னைப் படியிறங்கி ஓட விட்டீங்க?”

பெருமதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியர் அம்மையீர்! எங்கள் பயிற்சி நிலையத்தின் அலுவலக அறையில் உங்களுக்கும் ஓட்டுநர் அண்ணனுக்கும் நடந்த இந்தப் பேச்சோடு பிரிவுபசார மடலைத் தொடங்குவது முறையா என்று கணக்கர் கேட்டார். முறையில்லைதான். உங்கள் பணியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

வேலைக்காக ஆங்கிலம் கற்க வருவோருக்குப் புதிய பாடம் எதுவானாலும், வகுப்புக்குப் போகுமுன் எங்களை உட்கார வைத்து நடத்திப் பார்த்த நல்லாசிரியரே! எங்களுக்குப் புரிந்தால் வகுப்புக்கும் புரியும் என்பது உங்கள் நம்பிக்கை. அன்று அண்ணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்ததும் பாடத் திட்டத்தில் ஒரு வரியை அடித்தீர்கள். முதலில் ஜன்னல் வழியே வெயிலைக் காட்ட வேண்டும், பிறகுதான் மழையைக் கேட்க வேண்டும் என்று மாற்றி எழுதினீர்கள். அவர் ஓடியதை நாங்கள் சிரித்தே தீர்த்தோம். நீங்கள் அதைத் திட்டத்தின் குறையாக எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த ‘இஃப்’ பாடத்தில் அடுத்தது கற்பனை வாக்கியம். நீங்கள் இந்த நிலையத்தின் முதல்வரானால் என்ன செய்வீர்கள் என்று துப்புரவு அக்காவைக் கேட்டீர்கள். “ஒரே ஒரு நாள் இந்த மூணு மாடியையும் இப்ப இருக்கிற முதல்வரைப் பெருக்கச் சொல்வேன்” என்றார் அக்கா. முதல்வர் வாசலில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. முதல்வரும் சிரித்தார். ‘இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டீர்கள்.

நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதைச் சொல்லும் மூன்றாம் பகுதிக்கு வருவதற்குள் வகுப்பு நேரமாகிவிடும். திருத்திய தாள்களை அள்ளிக்கொண்டு விரைவீர்கள். எல்லாப் பாடங்களிலும் எங்கள் படிப்பு அப்படித்தான் நின்றது. தொடக்கங்கள் எல்லாம் தெரியும். முடிவு ஒன்றும் தெரியாது.

பொறுமையின் இருப்பிடமே! புரியாமல் நாங்கள் தலையாட்டியதையும் கண்டுபிடித்துக் கடிந்துகொள்ளாமல் மறுபடி சொன்ன கனிவே! உங்களிடம் பயின்றவர்கள் மருத்துவமனைகளிலும் விமான நிலையங்களிலும் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். அந்தப் புகழை ஆசிரியர்கள் தங்கள் மடலில் முறையாகப் பாடுவார்கள். நாங்கள் சொல்ல வந்தது வேறு.

ஓட்டுநர் அண்ணனின் மகள் வெளிநாட்டில் தமிழ் அறியாத ஒருவரை மணந்து வாழ்கிறார். வாரந்தோறும் தொலைபேசி வரும். “மாப்பிள்ளைகிட்ட ‘ஹவ் ஆர் யூ’ன்னு ஜோரா கேட்டுடறேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், ‘அம்மாடி, நீ பேசு’ன்னு பொண்ணைக் கூப்பிட்டுடறேன்” என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாடம் சொல்லித் தரும்படி உங்களிடம் கேட்கச் சொன்னோம். “காசு கட்டிப் படிக்கிறவங்களுக்குச் சொல்லித் தரவே டீச்சருக்கு நேரம் போதலை. சும்மா இருங்கப்பா” என்று ஆண்டுக்கணக்கில் எங்கள் வாயை அடைத்தார். இன்று நீங்கள் பணி ஓய்வு பெற்று விடைபெறுகிறீர்கள் என்றதும் அவருக்கே பொறுக்கவில்லை.

நல்ல உடல்நலமும், நிறைந்த ஆயுளும், அவசரமில்லாத காலைப்பொழுதுகளும் உங்களுக்கு வாய்க்கட்டும் என வாழ்த்தி, அலுவலகப் பணியாளர்கள் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். கடைசி வரிகளை மட்டும் ஓட்டுநர் அண்ணன் தம் கைப்படவே எழுதினார். வாசிப்பவரும் அவரே:

“டீச்சர், ஒரு பாடத்தையாவது எங்களுக்கு முழுசா நடத்துங்க. மாப்பிள்ளைகிட்ட நானே பேசணும்.”