அட்டைக்கடி என்று நினைத்தோம்

"தலையத் தூக்கிப் பிடிங்க! மூச்சு அடைக்குது! தூக்குங்க!"

கத்துவது நான். புதன்கிழமை. காலை பத்து நாற்பது. குட்டிக்கானம் தாண்டி ஜீப் இறங்குகிறது. பின்னால் மரிய புஷ்பம் படுத்திருக்கிறாள். என் கணவரின் தங்கை. முப்பத்து நான்கு வயது. கொழுந்து பறிப்பவள். அவள் தலை என் மடியில், தோளுக்கடியில் என் கணவரின் கை. உதடு நீலம். மூச்சை எண்ணுகிறேன். நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. ஒவ்வொரு மூச்சின் அடியிலும் ஈரமான ஒரு நொறுநொறுப்பு. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நான் பதினாறு வருடமாக எஸ்டேட் ஆசுபத்திரியில் லேப் டெக்னீஷியன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

என் கைப்பையில் ஒரு தாள். நான் எழுதியது. டைபாய்டு சோதனை பாசிட்டிவ். பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம். கீழே என் கையெழுத்து. ஜெசிந்தா.

வளைவில் ஒருவர் சிவப்புத் துண்டை வீசுகிறார்.

"வராதே! மண்ணு விழுது! நிறுத்து, நிறுத்து!"

டிரைவர் செல்லத்துரை பிரேக்கை மிதிக்கிறார். மேலே கல் உருளும் சத்தம். ஒன்று. இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. ஜேசிபி வந்து வழி விட இருபத்தைந்து நிமிடம் ஆனது. இடையில் ஒருமுறை புஷ்பம் கண்ணைத் திறந்தாள். "மதினி, குளுருது" என்றாள். என் சேலை முந்தானையைப் போர்த்தினேன். முண்டக்கயம் எட்டுவதற்கு முன் அந்த நொறுநொறுப்பு நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மழையில் எங்கள் எஸ்டேட்டில் காய்ச்சலுக்குப் போன மூன்றாவது ஆள் அவள்.

எங்கள் எஸ்டேட் ஏலப்பாறைக்கு மேலே. பல வருடம் பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது பன்னிரண்டாம் நம்பர் காட்டில் தேயிலையைக் காணோம். ஆள் உயரப் புதர். உள்ளே எலி வளைகள். அதை வெட்ட முப்பது பேரை அனுப்பினார்கள். ஆணும் பெண்ணும். மழை விட்டுவிட்டுப் பெய்தது. சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிக் காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு போட்டு உதிர்த்தார்கள்.

முதலில் விழுந்தவர் தங்கையா. எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்போம். "பனிதான், ரெண்டு நாள்ல போயிரும்" என்று நடந்தே வந்தார். ரத்தம் எடுத்தேன். மலேரியா கிருமி இல்லை. டைபாய்டு சோதனை ஒன்றுக்கு எண்பது என்று காட்டியது. இந்த மலையில் அது பெரிய அளவல்ல. பழைய காய்ச்சலின் மிச்சம்கூட அவ்வளவு காட்டும். அது எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால் தாளில் பாசிட்டிவ் என்று எழுதினேன். அவர் டைபாய்டு என்று எழுதினார். ஊசி போட்டோம். பத்தாம் நாள் தங்கையா இறந்தார்.

அடுத்தவர் ராயப்பன். கண் சிவந்திருந்தது. கடும் தலைவலி. பிளேட்லெட் இறங்கியது. டெங்கு என்று நினைத்தோம். டெங்கு சோதனை அட்டையில் ஒரே ஒரு கோடு. இல்லை என்று அர்த்தம். இரண்டாம் முறையும் செய்தேன். அதே கோடு. ஈரல் சோதனையில் அளவுகள் மூன்று மடங்கு ஏறியிருந்தன. "வைரல் பனி" என்று டாக்டர் எழுதினார். ஒரு வாரம் கழித்து ராயப்பனுக்கு நினைவு தவறியது. கீழே பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடல்.

என் அளவுகளில் ஒன்றும் தவறில்லை. அவை சொன்னதை நாங்கள் வேறு ஒன்றாகப் படித்தோம்.

புஷ்பத்தைப் பெண்கள் நான்கு பேர் குளிப்பாட்டினோம். வியாழக்கிழமை காலை ஏழரை. ஃபேக்டரி சைரன் ஊதியது. அவள் இடது கையைத் தூக்கினேன். அக்குளில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது.

"அட்டை கடிச்சது. பாவம், சொறிஞ்சு புண்ணாக்கியிருக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா. ஏழு மாதக் கர்ப்பிணி. வேண்டாம் என்றாலும் கேட்காமல் தண்ணீர் மொண்டு தர வந்திருந்தாள்.

ஆமாம் என்றேன். கையைக் கீழே வைத்தேன். சோப்புப் போட்டேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எனக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. கண்ணுக்குப் பின்னால் வலி. துக்கத்தில் வந்த காய்ச்சல் என்று என் கணவர் சொன்னார். அவரே அழுது ஓய்ந்திருந்தார். நானும் அப்படியே நினைத்தேன். பாராசிட்டமால் போட்டேன். விட்டது. திரும்ப வந்தது. என் ரத்தத்தை நானே பார்த்தேன். பிளேட்லெட் எழுபதாயிரம். புஷ்பத்தின் முதல் சோதனையில் வந்த அதே அளவு.

செவ்வாய்க்கிழமை காலை. குளியலறை. வெந்நீரில் துணியை முக்கி உடம்பைத் துடைக்கிறேன். இடது மார்புக்கு அடியில், மடிப்புக்குள், விரல் எதிலோ தட்டுகிறது. வலி இல்லை. அரிப்பு இல்லை. கண்ணாடியைக் கீழே இறக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.

கறுப்புப் பொருக்கு. சிவப்பு வளையம்.

அந்த இடத்துக்கு அட்டை வராது. வந்தாலும் அரிக்கும், ரத்தம் கசியும். பன்னிரண்டாம் காட்டு ஓரத்தில் புஷ்பத்தோடு நான் விறகு பொறுக்கியது அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிறு. பயிற்சிக் காலத்தில் ஒரு படம் காட்டினார்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு புண். காய்ச்சலோடு இதைப் பார்த்தால் வேறு எதையும் தேடாதீர்கள் என்று சொன்னார்கள். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதே சரி. நான் ரத்தத்தைத்தான் பார்த்தேன். யாருடைய ரவிக்கைக்குள்ளும் பார்க்கவில்லை.

குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன். புஷ்பத்தின் கையைத் தூக்கியது நான். கீழே வைத்ததும் நான்.

டாக்டர் இளம் வயது. சமவெளியிலிருந்து வந்தவர். மலையாளி. நர்ஸை உள்ளே நிற்கச் சொன்னேன். "டாக்டர், நான் ஒண்ணு காட்டணும். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செள்ளுப்பனி" என்றார். தமிழில் உண்ணிக்காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. "ஜெசிந்தா, ஞான் ஒருத்தரையும் துணி மாற்றி நோக்கியில்ல. ஸ்த்ரீகள் சம்மதிக்கில்லென்னு விட்டு." பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று யாரையும் துணி விலக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டாராம்.

நாங்கள் போட்ட ஊசி எதுவும் இந்தக் கிருமியைத் தொடாது. இதற்கு வேறு மாத்திரை. எங்கள் மருந்து அலமாரியிலேயே இருந்தது. மேல் தட்டில். மூன்று பேர் இறக்கும்போதும் அங்கேதான் இருந்தது. அன்றே விழுங்கத் தொடங்கினேன். வியாழக்கிழமை மதியம் காய்ச்சல் விட்டது.

அதற்குள் கீழேயிருந்து உண்ணிக்காய்ச்சலுக்கான சோதனைத் திரவம் வந்தது. குளிர்பெட்டியில் ராயப்பனின் ரத்தநீர் இருந்தது. புஷ்பத்தினுடையதும் இருந்தது. தங்கையாவினுடையதை நானே கழுவி ஊற்றியிருந்தேன். இரண்டையும் அந்தத் திரவத்தோடு குழாய்களில் கலந்து வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இரண்டிலும் திரிதிரியாகத் திரண்டிருந்தது. உண்ணிக்காய்ச்சல். குழாயில் அவள் பெயரை என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். அதைத் திரும்ப வைக்க முடியாமல் நின்றேன்.

சனிக்கிழமை. காலைப் பெரட்டு. வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். சூப்பர்வைசரின் மெகாஃபோனை வாங்கினேன். நிற்க முடியவில்லை. தூணில் சாய்ந்துகொண்டேன்.

"பனி உள்ளவுக வீட்டுல படுத்துக் கெடக்காதீய! உடம்புல கறுப்பா பொருக்கு இருந்தா அட்டைக்கடின்னு விடாதீய! அக்குளு, தொடை இடுக்கு, மாருக்கு அடியில, எல்லாம் பாருங்க! பன்னெண்டாம் காட்டுப் பக்கம் போகாதீய!"

ஆண்கள் தலை குனிந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

லயம் லயமாகப் போனேன். நர்ஸும் வந்தாள். குளியலறை வாசலில் சேலை கட்டி மறைத்தோம். காட்ட மாட்டேன் என்றவர்களிடம் என் பொருக்கைக் காட்டினேன். அதன் பிறகு காட்டினார்கள். மூன்று நாளில் ஒன்பது பேர். ஒருத்திக்குக் காதுக்குப் பின்னால். ஒருவருக்குத் தொப்புளுக்குள். ஒன்பது பேரும் மாத்திரை தின்றார்கள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

ஒன்பதாவது ஆள் ரெஜினா. அவள் காடு வெட்டப் போகவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறாள். நான்கு நாளாகக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. பொருக்கு அடிவயிற்றின் கீழே இருந்தது. வயிறு மறைத்ததால் அவளுக்கே தெரியவில்லை. கர்ப்பிணிக்கு ஆகும் வேறு மருந்தைக் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நேத்துல இருந்து புள்ள அசையல."

டாக்டர் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியில் இரைச்சல் மட்டும் வந்தது. ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மழை போய்விட்டது. பன்னிரண்டாம் காடு பாதி வெட்டியபடி நிற்கிறது. புதர் திரும்ப ஏறியிருக்கிறது. அதன் ஓரம் இப்போது மூன்றாவது லயத்தின் பின்சுவரைத் தொடுகிறது. போன வாரம் அங்கே இரண்டு பேருக்குக் காய்ச்சல். இன்று காலை இன்னொருவர் வந்திருக்கிறார். சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

இழந்தவர்களை எழுதி வைக்கிறேன்.

தங்கையா. ஐம்பத்திரண்டு வயது. புல்வெட்டு.

ராயப்பன். நாற்பத்தைந்து வயது. ஃபேக்டரியில் இலை வாட்டுபவர். ஆள் போதாமல் காட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

மரிய புஷ்பம். முப்பத்து நான்கு வயது. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். அவர்கள் என்னோடு இருக்கிறார்கள்.

ரெஜினாவின் பிள்ளை. ஏழு மாதம். ஆண். பெயர் வைக்கவில்லை.

பதிவேட்டில் உண்ணிக்காய்ச்சல் மரணம் இரண்டு என்று இருக்கிறது. தங்கையா டைபாய்டில் இருக்கிறார். பிள்ளை எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான்கு.