மட்டை பிடித்த கை

“சோத்துக்கை மட்டும் எப்படிடி இம்புட்டுப் பெருத்துச்சு?”

புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய வண்டி அது; பின்னாலிருந்த கரியடுப்பை ஊதும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கண்டக்டர் அலுத்துப்போயிருந்தார். எனக்கு முன் இருக்கையில் ஒரு தாய், ஆஸ்டலிலிருந்து ஊருக்கு அழைத்துப்போகும் மகளின் வலது கையில் கண்ணாடி வளையல் ஏற்றப் பார்த்தார். இடது கையில் ஏறிய அதே அளவு இதில் ஏறவில்லை.

“டென்னிஸ் மட்டை புடிக்கிறேன்ல ஆத்தா.”

“மெத்துன்னு ரப்பர் பந்துன்னு சொன்னியே?”

“பந்துதான் மெத்து. மட்டை கட்டைதானே.”

“நாளைச் சாயங்காலம் ஒன்னையப் பொண்ணு பாக்க வர்றவுக, களை வெட்டுன கையின்னுல்ல சொல்வாக. இதத்தான் பள்ளிக்கொடத்துல படிச்சாளான்னு கேப்பாக.”

“காலையிலதான் ஆட்டம். நான் இல்லாட்டி என் ஜோடிப் பிள்ளை ஒத்தையில நிக்கும். ஆடிட்டு வாரேனே.”

“ஒண்ணும் வேணாம். பேசாம ஒக்காரு.”

வண்டி ஒருமுறை செருமி அடங்கியது. அந்தப் பெண் இருப்புக்கொள்ளாமல் எழுவதும் உட்காருவதுமாக இருந்தாள். என் மடியில் ஒரு பள்ளிப் புத்தகம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புத்தகம். அதை விரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒன் கையக் காட்டு ஆத்தா. இதுவுந்தான் பெருசு.”

“அது ஒலக்கை புடிச்ச கை.”

“ஒன்னையப் பாக்க வந்தவுக என்ன சொன்னாக?”

“பொழைக்கத் தெரிஞ்ச கையின்னாக.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

வண்டி உறுமியது. தாய் முழங்காலை ஒதுக்கி மகள் இறங்க வழிவிட்டார்.

“முடிஞ்சதும் மொத பஸ்ஸப் புடிச்சு வந்துரு. தோத்துட்டு வந்து, அவுக முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத.”