மஞ்சள் குச்சிகளுக்கு இந்தப் பக்கம்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்கள் சட்டையில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தைத்தவன் அவசரப்பட்டிருக்கிறான். தையல்காரன் கண் எங்கே போனாலும் அங்கேதான் போய் நிற்கும். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மண்பாதை போகிறது. அதன் ஓரமாக, தொழிற்சாலைக்குப் போகும் சின்ன எரிவாயுக் குழாய் ஒன்று பல வருடமாகப் புதைந்து கிடக்கிறது. குழாய் எங்கே ஓடுகிறது என்று மேலே தெரிவதற்காகக் கம்பெனிக்காரர்கள் வரிசையாக மஞ்சள் குச்சிகளை நட்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது பெரிய குழாய் ஒன்று, அதுவும் வீடுகளுக்கு நடுவே, கொண்டுபோகப் போகிறோம் என்று வந்து நின்றார்கள். அதற்குத்தான் எதிர்ப்புக் குழு ஆரம்பித்தோம். தலைவர் நான். பெரிய தகுதி ஒன்றும் இல்லை, என் கடையில்தான் நாலு பேர் உட்கார பெஞ்ச் இருந்தது.

ஆரம்பத்தில் தெருவே திரண்டு வந்தது. கறுப்புக் கொடிகளை எல்லாம் நானே தைத்தேன், கூலி வாங்கவில்லை. போகப் போகக் கூட்டம் கரைந்தது. பால்காரர் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிய வாத்தியார் அடுத்த வாரமே போட்டார். கடைசிக் கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள், அதிலும் ஒருவர் தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்தவர். எனக்கு அன்று அவமானமாக இருந்தது. பத்திரிகைக்காரருக்கு போன் செய்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"இதுல செய்தி எங்கங்க இருக்கு?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே வேலைதான். கம்பெனி லாரிகள் உள்ளே வராமல் இருக்க மண்பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டுவோம். அவர்கள் மூடுவார்கள், நாங்கள் திரும்ப வெட்டுவோம். வெட்டுவது என் தங்கச்சி புருஷன். சொந்தமாக பொக்லைன் வைத்திருந்தார். மஞ்சள் குச்சிக்கு எட்டத்திலேயே பள்ளத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. கம்பெனி சொல்லும் எதையும் நம்பாத தெரு, அந்தக் குச்சியை மட்டும் அப்படி நம்பியது.

குச்சிகளை நகர்த்தியது நான்தான். கம்பெனி வரைபடத்தோடு அவை பொருந்தவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஒரு மத்தியானம், ஊர் அசந்து கிடந்த நேரத்தில், அவற்றைப் பிடுங்கிக் குழாய்க்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நட்டேன். பழைய குழிகளை மூடி, புல்லைப் பெயர்த்து வந்து மேலே ஒட்டினேன். ஓரம் தெரியாமல் மடித்துத் தைப்பது எனக்குப் பழக்கம்தான்.

வெளியூர் பொக்லைன் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. வெளியாளுக்கு ஏதாவது ஆனால் அது விபத்து. பெட்டிச் செய்தியாகப் போட்டு மறந்துவிடுவார்கள். நம்ம வீட்டு ஆள் என்றால்தான் ஊர் எழுந்து நிற்கும்.

அடுத்த பள்ளம் வெட்டும் அன்றைக்கு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கம்பெனிக்காரன் போட்டோ எடுத்து வழக்குப் போடுவான் என்றேன். தங்கச்சியைப் பிள்ளைகளோடு அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரரை மட்டும் காலையிலேயே கேமராவோடு வரச் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கிக் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், குச்சி தள்ளிப் போன மாதிரி இருக்கே?"

"நான் டேப் வச்சு அளந்துட்டேன் மாப்ள. நீங்க வெட்டுங்க."

நான் அளந்தேன் என்றால் அவருக்குப் போதும். அவர் உடம்புக்கு அளவெடுத்ததே நான்தானே. ஏறி உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். என்ஜின் சத்தத்தில் பேச முடியாது, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னும் போகலாமா என்று கையால் கேட்டார். தலையை ஆட்டினேன்.

சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. வெளிச்சம்தான் பெரியது. அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது, முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. காலரில் மிஞ்சியிருந்த துணியைப் பார்த்துச் சொன்னேன். நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா.

தங்கச்சி என் மேல் விழுந்து அழுதாள். "நீ கூடவே இருந்தும் இப்படி ஆயிடுச்சே அண்ணா" என்றாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்குத் தெரியாது.

நான் கணக்குப் போட்டபடிதான் முதலில் எல்லாம் நடந்தது. கூட்டம் வந்தது, கேமராக்கள் வந்தன, கம்பெனி வேலையை நிறுத்தியது. அப்புறம்தான் ஜனங்களைப் பயம் பிடித்தது. சின்னக் குழாயே இப்படி என்றால் பெரியது வந்தால் என்ன ஆகும் என்று நான் மேடையில் பேசினேன். அதைக் கேட்டுவிட்டு, போராட வரவேண்டியவர்கள் வீட்டைக் காலி செய்யக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தங்கச்சியும் போட்டாள். "இந்த மண்ணுல இனிமே எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். பெரிய குழாய் இப்போது அவள் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாகப் போகிறது. வழியில் மறிப்பதற்கு ஆள் இல்லாததால் வேலை வேகமாக நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் கடையும் மூடித்தான் கிடக்கிறது.

கொல்ல நினைத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் கூடப் பிறந்தவளின் புருஷன் ஐயா, அவரைப் போய் நான் கொல்ல நினைப்பேனா? தங்கமான மனுஷர், எதையும் என்னைக் கேட்காமல் செய்யமாட்டார். அன்றைக்கும் இரண்டு முறை கேட்டார். இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.