கெண்டைக்கு எந்த மூலை?

குளிர் ஏறிய இந்தக் கூடத்தில் கனிவோடு தலைமை ஏற்றிருக்கும் அன்பர் எட்மண்ட் அவர்களே! தும்பைக்கொரை அணையின் அலைகளை என்னைவிட நன்கறிந்த பெரியோர்களே! வலையோடு வாழ்வையும் சேர்த்துப் பின்னும் தாய்மார்களே! ஆறுமுகசாமியின் தாழ்மையான வணக்கம்.

மீன்துறையில் முப்பது ஆண்டு மீன்களை அளந்தவன் நான். சொற்களையும் அளந்தே பழகிவிட்டேன். "சத்தமாப் பேசுங்க சார்" என்கிறார்கள் பின்னால். முயல்கிறேன் ஐயா.

இன்று நம்முன் இரண்டு கட்சி. அணை முழுவதையும் காப்பகமாக்கு, வலையே கூடாது என்கிறது ஒன்று. எந்தத் தடையும் வேண்டாம் என்கிறது மற்றொன்று. முழுத்தடை வந்தால் பரிசலை நம்பிய குடும்பங்கள் எங்கே போகும்? தடையே இல்லையென்றால் மீன் எங்கே போகும்? மீன் போனபின் நாம் எங்கே போவோம்?

என் பிழை ஒன்றைச் சொல்லத்தான் மேடையேறினேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், குஞ்சு பெருகட்டும் என்று அணையில் ஒரு பகுதிக்கு மட்டும் தடை போட்டோம். இடம் குறித்தவன் நான். மதகுப்பக்கம் குறித்தேன். ஏன்? அங்கே ஜீப் போகும்; பலகை நட எளிது; மேலதிகாரி கண்ணிலும் படும்!

அங்கே வலைவீச வந்த ராக்கம்மா பலகையைப் பார்த்தார். "ஏனுங்க சார், கெண்டை உங்க போர்டைப் படிச்சுட்டு இங்க வந்து முட்டை போடுமுங்களா? அதுக்குப் புல்லு வேணுமுங்க. ஓடை வந்து விழுகிற மூலையில போய்ப் பாருங்க!"

சிரியுங்கள் தாய்மார்களே, அன்று நானும் சிரித்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். முழங்கால் நீரில் மூழ்கிய புல்லெங்கும் முட்டை! புல்லின் தாளுக்குத் தாள் முட்டை! அதன் நடுவே நாங்கள் அனுமதித்த வலை!

அறிந்தேன், அஞ்சினேன், அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. காற்றை எதிர்த்துத் தொலைவு போக முடியாத சின்னப் பரிசல் ராக்கம்மாவுடையது. மதகுப்பக்கம் தடை இருந்த இரண்டு ஆண்டும் அவர் வலையை விட்டு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தார். மீனும் பெருகவில்லை.

"பழசை விடுங்க சார்" என்கிறார், மூன்றாம் வரிசையிலிருந்து அவரே! விட மனமில்லை அம்மா.

ஆகவே வேண்டுகிறேன்: ஓடைமூலையை மீனுக்கு விடுங்கள், மதகுப்பக்கத்தை வலைக்கு விடுங்கள். எல்லை குறிக்கும் நாளில் காகிதம் பிடித்தவர் பரிசலில் ஏறட்டும். துடுப்புப் பிடித்தவர் இடம் காட்டட்டும்! கரையில் நின்று போட்ட கோடு காகிதத்தைக் காக்கும். தண்ணீரில் நின்று போட்ட கோடே மீனைக் காக்கும், மீனவரையும் காக்கும்!

என் பிழையை ஒப்பிக் கையெழுத்திட்ட கடிதத்தைத் தலைவரிடம் தருகிறேன், துறைக்குப் போகட்டும். இதையே தீர்மானமாக்கச் சம்மதமானால், ராக்கம்மா, முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

உயர்த்திவிட்டார்! அடடா, அவர் பின்னால் எத்தனை கைகள்! இத்தனை பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, எல்லோருக்கும் வணக்கம்.