சுண்டுவிரல் சோதனை

தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான் நம் ஊர் ஈரத்துக்கு ஏற்றது, இன்ஸ்பெக்டர் ஐயா. தேங்காய் எண்ணெய் நாலு நாளில் பிசுபிசுத்துவிடும். மண்ணெண்ணெய் இரும்பைக் காய வைத்துவிடும். இது இரண்டு சொட்டு போதும், ஊறி உள்ளே போகும். உங்கள் இடுப்பில் இருப்பதற்கும் அதையே போடுங்கள். நீங்கள் உறையைக் கழற்றி மேசையில் வைத்தபோது பார்த்தேன், குழல் நுனியில் துரு கட்டியிருக்கிறது.

எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். பெயர் சூசைநாதன், வயது ஐம்பத்தாறு. வில்லியனூர் கடைத்தெருவில் தையல் மிஷினும் தண்ணீர் மோட்டாரும் பழுதுபார்க்கிறேன். அதற்கு முன் பதினைந்து வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்த்தேன். என் கையைத் தாண்டிப் போன துப்பாக்கி எதுவும் தவறி வெடித்ததில்லை. போன மே மாதம் என் சிநேகிதன் தனிஸ்லாஸ் துப்பாக்கி வெடித்துச் செத்தபோது நீங்கள் எழுதிய அறிக்கையைக் கோர்ட்டில் படித்தார்கள். 'வயதான மெக்கானிக் பார்வைக் குறைவால், உள்ளே தோட்டா இருந்ததைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டார்' என்று ஒரு வரி வந்தது. என்மேல் இரக்கப்பட்டு எழுதினீர்கள் என்று தெரியும். ஆனாலும் அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

தனிஸ்லாஸும் நானும் ஒரே வருடம் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். சைகோனுக்குப் போன கப்பலில் எனக்கு மேல் படுக்கை அவனுடையது. அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இருபத்தெட்டு நாளும் என் தலைமேல்தான் வாந்தி. அதிலிருந்து சிநேகிதம்.

திரும்பி வந்து நான் ஸ்பானர் பிடித்தேன். அவன் நிலம் வாங்கினான். பிறகு, பக்கத்து மாநிலத்தில் மறுபடி மதுவிலக்கு வந்ததும், மதகடிப்பட்டில் சாராயக் கடை ஏலம் எடுத்தான். எல்லை தாண்டிச் சரக்குக் கடத்துகிறவர்களுக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் சந்தைக்கு நடுவில் வைத்து வெட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின்தான் ஒரு சின்னக் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி, வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டின் உள்பக்கம் செருகி, மேலே தொளதொள சட்டை போட்டுக்கொண்டான். எப்படி வைத்துக்கொள்வது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இதில் ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும். துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவனுக்கு முதல் மாதம் ஆபத்தில்லை. இடுப்பில் நல்லபாம்பு இருப்பது போல நடப்பான். உட்கார்ந்தால் யோசிப்பான், எழுந்தால் தடவிப் பார்ப்பான். ஆறாவது மாதம் அது சாவிக்கொத்து ஆகிவிடும். ஒரு வருடத்தில் அங்கே இருப்பதே மறந்துவிடும். அப்போதுதான் அது வேலையைக் காட்டும்.

அடுத்தது, எல்லோரும் செய்கிற தவறு. கைப்பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கிய ஒரு சின்னப் பெட்டி போகும். மேகசின் என்பார்கள். அதை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். காலி இல்லை, ஐயா. குழலுக்குப் பின்னால் ஒரு தோட்டா மட்டும் உட்காருகிற அறை இருக்கிறது. பெட்டி வெளியே வந்தாலும் அறையில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். சில ரகங்களில் பெட்டி இல்லாவிட்டால் விசை இயங்காது. இவனுடையதில் அந்தப் பூட்டு கிடையாது. அதனால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணையும் நம்பாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். கொடுப்பவன் ஒரு தடவை, வாங்குபவன் ஒரு தடவை. பட்டாளத்தில் காலி என்பதற்கு 'வீத்' என்போம். கொடுப்பவன் 'வீத்' என்பான், வாங்குபவன் விரலை எடுத்துவிட்டு 'வீத்' என்பான். அந்த இரண்டாவது 'வீத்' வராமல் துப்பாக்கி கை மாறக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் எட்டு மணிப் பூசைக்கு வருவான். நான் ஆறு மணிப் பூசையே பார்த்திருப்பேன். மாதா கோவில் குளத்தோரம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பெல்ட்டிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிக் கொடுப்பான்.

"முட்டி போட்டா குத்துதுடா சூசை. மாதா வேற இதையே பாத்துக்கினு இருக்கற மாதிரி கீது. நீ வச்சிக்க."

பூசை முடியும்வரை நான் அதன் வியர்வையைத் துடைத்து எண்ணெய் போடுவேன். வயிற்றுப் பக்கம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். முடிந்ததும் வந்து வாங்குவான். நான் காட்டுவேன், அவன் விரல் விடுவான், இரண்டு 'வீத்'. பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். மேல்பாகத்தை இழுத்து மூடினால் உள்ளே ஸ்பிரிங் இழுபட்டே நிற்கும். அதைத் தளர்த்த விசையை ஒரு முறை அமுக்க வேண்டும். காலியாக இருந்தாலும் தரையைப் பார்த்து அமுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். டிக் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான், நான் தனியாகக் கொடுக்கும் மேகசினை உள்ளே போடுவான்.

முதல் வருடம் ஒழுங்காகச் செய்தான். இரண்டாம் வருடம் சுண்டுவிரல் நின்றது. "நீ பாத்தா போதாதா, உனக்கு மேல எவன்டா பாக்கப் போறான்?" என்றான். பிறகு இன்னொரு பழக்கம் வந்தது. முதலில் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வான், அதற்குப் பிறகு சட்டைக்கு அடியில் கையை விட்டு அங்கேயே அமுக்குவான். டிக்.

"ஏன்டா உள்ள வச்சி அமுத்துற? தரையப் பாத்து அமுத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"குளத்தாண்ட பொம்பளைங்க நிக்கறாங்க. சர்க்கஸ்காரன் மாதிரி நீட்டிக்கினு நிக்கச் சொல்றியா? காலிதானடா?"

"காலிதான்."

"அப்பறம் இன்னா? நீ மெக்கானிக்கு இல்ல, சாமியாரு. ஒரே பிரசங்கம்."

இப்படி மூன்று தடவை சொன்னேன். இது எழுபத்தாறாம் வருடம் வரை.

இனி வேறொரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அறுபத்திரண்டு ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தால் அவனும் அவன் சின்னப் பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர்கள். கொடுக்காவிட்டால் இல்லை. என் காகிதம் தயாராக இருந்தது. ஜனவரி மாதம் மஞ்சள் காமாலை வந்து படுத்தேன், நிற்க முடியவில்லை. தனிஸ்லாஸ் தன் காகிதத்தைக் கொடுக்கப் புதுச்சேரிக்குப் போகிறவன், என்னுடையதையும் வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "குடுத்துட்டேன்டா. இனிமே நீ செத்தாலும் வெள்ளக்காரனாத்தான் சாவ" என்றான். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதினாலு வருடம் அதை நான் விசாரிக்கவில்லை. பட்டாளத்துப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தனிஸ்லாஸ் சொன்னதற்கு மேல் எனக்கு ஒரு ரசீது தேவைப்படவில்லை.

போன ஜனவரியில் என் மகள் ஆரோக்கிய செல்விக்குக் காரைக்காலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறான். செல்விக்கும் பிடித்திருந்தது. அவன் போட்டோவைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் ஒன்றே ஒன்று கேட்டார்கள், பெண்ணின் காகிதம். நான் எழுதிக் கேட்டேன். என் பெயரில் அப்படி ஒன்றும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அலுவலகத்தில் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்து தனிஸ்லாஸிடம் சொன்னேன். "அவனுங்க அப்பிடித்தான், எழுதிப் போடு" என்றான். எழுதிப் போட்டேன், அதே பதில். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். செல்வி போட்டோவைத் திருப்பி அனுப்பினாள். இப்போது ரவிக்கை தைக்கிறாள். மிஷினுக்கு எண்ணெய் நான்தான் போடுகிறேன்.

ஏப்ரலில் தனிஸ்லாஸின் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவன் கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி கிரேஸ் மேரி, "அண்ணா, அவுரு பேப்பரெல்லாம் பொட்டில கீது, நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். லைசென்ஸுக்குக் கீழே என் காகிதம் இருந்தது. என் கையெழுத்து, என் போட்டோ, செல்வியின் பிறந்த தேதி. மடிப்புகூடக் கலையவில்லை.

அவன் வந்ததும் காட்டினேன். உட்கார்ந்துவிட்டான்.

"மறந்துட்டேன்டா சூசை."

காகிதத்தை விரித்து அவன் முன்னால் வைத்தேன்.

"ரெண்டாம் பக்கத்துல ஒரு கையெழுத்து நீ வுட்டுட்ட. ஆபீசுக்காரன் திருப்பிட்டான். மறுநா உன்கிட்ட போட்டு வாங்கிக்கினு போலாம்னுதான் வச்சேன். நீ வேற மஞ்சளா கெடந்த, அந்த நேரத்துல எப்பிடி சொல்றதுன்னு, குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். அப்பறம் அறுப்பு வந்துச்சி, மறந்துட்டேன். நெனப்பு வந்தப்ப தேதி முடிஞ்சிபோச்சி. எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்றது?"

பிறகு, என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பயம் வந்திருக்க வேண்டும், சிரிக்க வைக்கப் பார்த்தான். "அங்க போயி பனில வெறச்சிச் சாவறதுக்கு இங்க கூழு குடிக்கலாம்டா. செல்விக்கு நான் மாப்ள பாக்கறேன், மதகடிப்பட்டுல இல்லாத மாப்ளயா?"

இரண்டாம் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருந்தது உண்மைதான். அது காய்ச்சலில் எழுதிய காகிதம். சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் போட்டிருப்பேன். ஆகவே என் தவறு என்று அதைச் சொல்ல முடியாது. இதை நான் பல நாள் யோசித்துத் தெளிந்திருக்கிறேன்.

அவனிடம் கோபப்படவில்லை. "சரி, விடு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிறு அவனைக் கவனித்தேன். நாலிலும் காலியாகவே கொடுத்தேன். ஒரு தடவையாவது சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறானா என்று பார்த்தேன். பதினாலு வருடம் ஒருவனை ஏமாற்றியவன், அந்த ஒருவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கும்போதாவது பார்க்க வேண்டாமா? நாலு தடவையும் வாங்கினான், செருகினான், டிக்.

ஐந்தாவது ஞாயிறு, மே மாதம் இருபத்திரண்டு. பூசையில் காணிக்கைப் பாட்டு கேட்டது. துடைத்து எண்ணெய் போட்டேன். மேகசினைக் கைப்பிடிக்குள் தள்ளினேன், மேல்பாகத்தை இழுத்து விட்டேன். ஒரு தோட்டா அறைக்குள் போனது. மேகசினை உருவினேன். அதில் இப்போது ஆறுதான் இருக்கும், ஏழின் எடை அவன் கைக்குப் பழக்கம். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றை அதில் நிரப்பினேன். நீங்கள் கைப்பற்றிய பட்டியலில் பெட்டியில் ஏழு தோட்டா, சுட்டது ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு கொள்ளும் பெட்டிக்கு எட்டாவது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. விபத்து என்று மனது முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கை எண்ணாது.

எந்த ஞாயிறும் கொடுக்கும்போது 'வீத்' சொல்வேன். அன்று சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. நான் சொல்லாததை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அவன் அப்போது வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் கிரேஸ் மேரி நண்டு வைக்கிறாள், செல்வியையும் கூட்டிக்கொண்டு வா என்றான். செருகினான். சட்டைக்குள் கை போனது.

சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. பெல்ட்டும் துணியும் பாதியை விழுங்கிவிட்டன. குளத்தங்கரையில் இருந்தவர்கள் சைக்கிள் டியூப் என்று நினைத்தார்கள். அவன் உட்கார்ந்தான். தன் காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"டேய், உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஆகவில்லை என்றேன்.

தொடையின் உள்பக்கம் ஒரு பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுந்தால், காயத்துக்கு மேலே, இடுப்பு மடியும் இடத்தில் முஷ்டியால் அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் ஆஸ்பத்திரி வரை தாங்கும். பட்டாளத்தில் இதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் துண்டைச் சுருட்டி இரண்டு கையாலும் பலமாக அழுத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள், அது உங்கள் அறிக்கையிலும் இருக்கிறது. எந்த இடத்தில் அழுத்தினேன் என்று யாரும் பார்க்கவில்லை. காயத்துக்குக் கீழே அழுத்தினேன். கார் வந்தபோது அவனுக்குப் பேச்சு இல்லை.

கிரேஸ் மேரி உங்களிடம், "பாவம், அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போச்சி, அவுர ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொன்னாளாம். எனக்குக் கண் மங்கவில்லை, ஐயா. இந்த விளக்கு வெளிச்சத்தில் ஊசி கோக்கச் சொல்லுங்கள், கோக்கிறேன். அறையில் தோட்டா இருந்தது தெரிந்தேதான் கொடுத்தேன். சுண்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த வரியை இப்படி மாற்றி எழுதுங்கள். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள்: நான் அவனைக் கொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். விரலை விட்டுப் பார்த்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பான். எனக்கு அவன் அந்த வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்கு அவன் விரலை விட்டுப் பார்த்து, தோட்டா இருப்பதைக் கண்டுபிடித்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றா?

'மறந்துட்டேன்டா' என்று சொல்லியிருப்பேன். அவன் நம்பியிருப்பான்.